வயிற்றுப் புண்ணும் வழிவழி நம்பிக்கையும்

“காரத்தைக் குறை, கவலையை விடு, வேளைக்குச் சாப்பிடு.” வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பவருக்கு நம் வீடுகளில் கிடைக்கும் முதல் மருந்து இம்மூன்று சொற்றொடர்களே. சொல்பவர் தாயாக இருக்கலாம், ஆசிரியராக இருக்கலாம், மருந்துக் கடைக்காரராகவும் இருக்கலாம். மூன்றும் நல்ல அறிவுரைகளே. ஆனால், அவ்வறிவுரைக்குள் ஒரு தீர்ப்பும் மறைந்திருக்கின்றது. ‘உன் நோய்க்கு நீயே காரணம், உன் நாவும் உன் மனமும் செய்த குற்றம் இது’ என்பதே அத்தீர்ப்பு. வயிற்றுப் புண்ணால் வருந்தியோர் பல தலைமுறைகளாக வலியோடு இப்பழியையும் சேர்த்தே சுமந்து வாழ்ந்தனர்.

அப்பழி பொருந்தாதது என்பதற்கு முதற் சான்றுகள் வெளிவந்து 40 ஆண்டுகளுக்கு மேலாகின்றது. இரைப்பையிலும் அதனை அடுத்துள்ள முன்சிறுகுடலிலும் தோன்றும் புண்களுக்கு முதன்மையான காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் நுண்ணுயிர். அதனை மருந்தால் ஒழித்தால் புண் ஆறுகின்றது. பெரும்பாலோர்க்கு மீண்டும் வருவதும் இல்லை. இவ்வளவு தெளிவான உண்மை நம் தெருவரை வந்து சேராதது ஏன்? அதனால் நாம் இழப்பது என்ன? இவற்றை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அமிலமே பகை என்ற கொள்கை

நாம் உண்ணும் உணவைச் செரிக்க வைப்பதற்கென இரைப்பை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சுரக்கின்றது. இறைச்சியையே கரைக்கவல்ல இவ்வமிலம் இரைப்பையைக் கரைத்துவிடாமல் அதன் உட்சுவரை ஒரு சளிப்படலம் காத்து நிற்கின்றது. அக்காவல் குலையும் இடத்தில் புண் உண்டாகின்றது. இவ்வளவும் உண்மை. ஆனால், காவல் ஏன் குலைகின்றது என்ற வினாவுக்கு விடை காணாமலே மருத்துவ உலகம் நெடுங்காலம் அமிலத்தை மட்டுமே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது.

அமிலம் இல்லையேல் புண்ணும் இல்லை என்ற கருத்தை 1910 ஆம் ஆண்டில் கார்ல் ஷ்வார்ஸ் என்னும் அறுவை மருத்துவர் முன்வைத்தார். 1915 இல் அமெரிக்க மருத்துவர் பெர்ட்ரம் சிப்பி, மணிக்கொரு முறை பாலும் பாலாடையும் அருந்தச் செய்து, இடையிடையே அமிலத்தைத் தணிக்கும் பொடிகளைக் கொடுக்கும் முறையைப் புகுத்தினார். அதற்கும் அடங்காதவர்க்கு இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி நீக்கினர். அமிலச் சுரப்பைத் தூண்டும் நரம்பைத் துண்டித்தனர். நூற்றாண்டின் நடுப்பகுதியில் சிகாகோ நகர உளப்பகுப்பாய்வாளர் பிரான்ஸ் அலெக்சாண்டர், மனத்தில் வேர் கொண்டு உடலில் வெளிப்படும் நோய்களின் வரிசையில் வயிற்றுப் புண்ணையும் சேர்த்தார். அதன்பின் புண்ணுடையவர் என்றாலே மன அமைதியற்றவர், பதற்றக்காரர், பேராசையால் தம்மையே அரித்துக்கொள்பவர் என்ற எண்ணம் கற்றவரிடையேயும் பரவியது.

1976 இல் பிரிட்டனில் சிமெட்டிடின் என்னும் மாத்திரை விற்பனைக்கு வந்தது. அமிலச் சுரப்பைத் திறம்படக் குறைத்த இம்மருந்தை உருவாக்கிய பணிக்காகவும் பிற மருந்தாய்வுகளுக்காகவும் ஜேம்ஸ் பிளாக் 1988 இல் நோபல் பரிசு பெற்றார். அறுவைச் சிகிச்சையிலிருந்து பல்லாயிரவரைக் காத்த பெருமை இம்மருந்துக்கு உண்டு, அதனை மறுப்பதற்கில்லை. ஆயினும், மாத்திரை உண்ணும்வரை ஆறியிருந்த புண், நிறுத்திய ஓராண்டுக்குள் பெரும்பாலோர்க்குத் திரும்பி வந்தது. எனவே நோயாளி வாழ்நாள் முழுதும் மாத்திரை வாங்கும் வாடிக்கையாளர் ஆனார். நோயின் வேர் இருக்க, இலையைக் கிள்ளிக்கொண்டிருந்தது மருத்துவம்.

கண்டும் காணாதவர்

இரைப்பையில் நுண்ணுயிர் உண்டு என்பதை எவருமே காணாமல் இல்லை. இத்தாலியின் டூரின் நகரில் ஜூலியோ பிட்சோசெரோ 1890களின் தொடக்கத்திலேயே நாய்களின் இரைப்பையில் சுருள் வடிவ உயிரிகளைக் கண்டு எழுதினார். போலந்து மருத்துவர் வலேரி யாவோர்ஸ்கி 1899 இல் மனித இரைப்பை நீரிலும் அத்தகையவற்றைக் கண்டார். ஆனால் 1954 இல் அமெரிக்காவைச் சேர்ந்த பாமர் என்பவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரைப்பைத் திசுத்துணுக்குகளை ஆராய்ந்து, அங்கு நுண்ணுயிர் குடியிருப்பதற்குச் சான்று இல்லை என முடிவு கட்டினார். அவர் பயன்படுத்திய சாயம் இக்கிருமியைக் காட்டுவதற்கு ஏற்றதன்று. காட்டாத சாயத்தின் குறை, இல்லாத கிருமிக்குச் சான்றாகிவிட்டது. அமிலக் கடலில் எந்த உயிரும் வாழாது என்ற கருத்து பாடநூல்களில் வேரூன்றியது.

கிரேக்க நாட்டின் மிசொலோங்கி என்னும் ஊரில் ஜான் லிக்கூடிஸ் என்ற மருத்துவர், 1958 முதல் வயிற்றுப் புண்ணுக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைக் கொடுத்துக் குணப்படுத்தி வந்தார். மருத்துவ இதழ்கள் அவர் கட்டுரையை ஏற்கவில்லை. அவருக்குத் தண்டம் விதிக்கப்பட்டது. அவர் 1980 இல் மறைந்தார். தாம் சரியான திசையில் நடந்தவர் என்பதை உலகம் ஒப்புக்கொள்ளக் காணும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை.

பெர்த் நகரத்து இருவர்

ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் உள்ளது பெர்த் நகரம். அங்குள்ள ராயல் பெர்த் மருத்துவமனையில் திசு நோயியல் வல்லுநராகப் பணியாற்றிய ராபின் வாரன், 1979 இல் அழற்சியுற்ற இரைப்பைத் திசுவொன்றின் மேல் வளைந்த வடிவுடைய கிருமிகள் திரளாக ஒட்டியிருக்கக் கண்டார். உடன் பணியாற்றியோர் பலர் அதனைப் பொருட்படுத்தவில்லை. அவரோ வெள்ளி கலந்த சாயத்தைக் கொண்டு ஒவ்வொரு திசுவாகப் பார்த்துக் குறித்துவைத்தார். 1981 இல் பாரி மார்ஷல் என்னும் இளம் மருத்துவர் அவருடன் இணைந்தார். இருவரும் 100 நோயாளிகளை ஆராய்ந்தனர்.

அக்கிருமியை ஆய்வகத்தில் வளர்க்கும் முயற்சி தொடர்ந்து தோல்வி கண்டது. இரண்டு நாளில் வளராத தட்டுகளை எறிந்துவிடுவது அந்நாளைய ஆய்வக வழக்கம். 1982 ஏப்ரலில் ஈஸ்டர் விடுமுறை குறுக்கிட்டதால் ஒரு தட்டு ஐந்து நாட்கள் எடுக்கப்படாமல் கிடந்தது. விடுமுறை கழிந்து பார்த்தபோது அதில் கிருமி வளர்ந்திருந்தது! மெல்ல வளரும் உயிர்க்கு இரண்டு நாள் கெடு வைத்ததே முந்தைய தோல்விகளுக்குக் காரணம் என்பது அப்போதுதான் விளங்கியது. அந்த 100 பேருள் முன்சிறுகுடலில் புண்ணிருந்தவர் 13 பேர். அந்த 13 பேரிடமும் இக்கிருமி இருந்தது.

இச்செய்தியை உலகம் உடனே வரவேற்றதா? 1983 இல் ஆஸ்திரேலிய இரைப்பை-குடல் மருத்துவர் சங்கத்தின் கூட்டத்துக்கு வந்த 67 ஆய்வுச் சுருக்கங்களுள் 56 ஏற்கப்பட்டன. மார்ஷல் அனுப்பியது தள்ளப்பட்டவற்றுள் ஒன்று. 1984 இல் இருவரின் கட்டுரை ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. அப்போதும் ஐயம் நீங்கவில்லை. ‘புண் இருந்த இடத்தில் கிருமி வந்து குடியேறியிருக்கலாம்; கிருமியால்தான் கேடு வந்தது என்பதற்குச் சான்று எங்கே?’ என்று கேட்டனர். அக்கேள்வி நியாயமானதே. விலங்குகளிடம் செய்து பார்த்த சோதனைகள் பயன் தராத நிலையில், 1984 இல் மார்ஷல் முதலில் தம் இரைப்பை நலமாக இருப்பதை உள்நோக்கிக் குழாயால் சோதித்துக்கொண்டு, அக்கிருமி வளர்ந்த நீர்மத்தைத் தாமே குடித்தார். சில நாட்களில் குமட்டலும் வாந்தியும் தோன்றின; மூச்சில் தீநாற்றம் எழுந்தது. பத்தாம் நாள் சோதித்தபோது அவருடைய இரைப்பைச் சுவர் அழற்சியுற்றிருந்தது, கிருமியும் அங்கிருந்தது. அவருக்குப் புண் உண்டாகவில்லை. ஆனால் நலமான இரைப்பையைக் கிருமி நோயுறச் செய்யும் என்பது தெளிவாயிற்று.

1994 இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டிய அறிஞர் அவை, கிருமியுள்ள வயிற்றுப் புண் நோயாளிகளுக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தருதல் வேண்டும் என்று அறிவித்தது. அதே ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மனிதர்க்குப் புற்றுநோய் விளைப்பவை என உறுதிப்பட்டவற்றின் பட்டியலில் இக்கிருமியைச் சேர்த்தது. 2005 இல் வாரனும் மார்ஷலும் நோபல் பரிசு பெற்றனர். வாரன் 2024 இல் தம் 87 ஆம் வயதில் மறைந்தார்.

அமிலத்தில் வாழும் தந்திரம்

அமிலத்தில் இக்கிருமி எவ்வாறு வாழ்கின்றது? யூரியேஸ் என்னும் நொதியை இது ஏராளமாக உண்டாக்குகின்றது. அந்நொதி நம் உடலில் இயல்பாக உள்ள யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவையும் கரிவளியையும் தருகின்றது. அம்மோனியா தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணிக்க, அந்த மறைவில் கிருமி தன் வால் போன்ற இழைகளால் நீந்திச் சென்று சளிப்படலத்துக்குள் ஒளிந்துகொள்கின்றது. அங்கிருந்தபடி பல ஆண்டுகள் மெல்ல மெல்ல அழற்சியை விளைக்கின்றது. காவற்படலம் நலிந்த இடத்தை அமிலம் அரிக்கின்றது. ஆக, அமிலம் கையாள், ஏவியவன் வேறு.

கிருமியின் இத்தந்திரமே அதனைக் காட்டிக்கொடுக்கவும் செய்கின்றது. அடையாளமிட்ட கரிம அணுவைக் கொண்ட யூரியாவை நோயாளிக்குக் குடிக்கக் கொடுத்து, சற்று நேரம் கழித்து அவர் வெளிவிடும் மூச்சைச் சோதிக்கின்றனர். அடையாளமிட்ட கரிவளி மூச்சில் வந்தால் உள்ளே கிருமி இருக்கின்றது என்று பொருள். மலச் சோதனையாலும் இதனை அறியலாம். உள்நோக்கிக் குழாய்வழி எடுத்த திசுத்துணுக்கைச் சோதித்தும் அறியலாம்.

எல்லாவற்றுக்கும் ஒரே காரணமன்று

ஒரு மூடநம்பிக்கையை அகற்றி அவ்விடத்தில் இன்னொன்றை வைப்பது நம் நோக்கமன்று. இக்கிருமி பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே குடும்பத்தாரிடமிருந்து தொற்றுகின்றது. இடநெருக்கடியும் தூய்மையற்ற நீரும் உள்ள இடங்களில் மிகுதியாகப் பரவுகின்றது. ஆனால், இதனைச் சுமப்போர் அனைவர்க்கும் புண் வருவதில்லை; நூற்றுக்கு 10 முதல் 15 பேர்க்கே வாழ்நாளில் புண் வரக்கூடும் என்பர். புற்றுநோய்க்கு ஆளாவோர் அதனினும் மிகக் குறைவு. எனவே தொற்று என்ற சொல்லைக் கேட்டு அஞ்சத் தேவையில்லை.

மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் நாம் தயங்காமல் விழுங்கும் வலிநீக்கி மாத்திரைகளும் ஆஸ்பிரினும் வயிற்றுப் புண்ணுக்கு மற்றொரு பெருங்காரணம். உணவுக்குழாய்க்குள் அமிலம் மேலேறுவதால் வரும் நெஞ்செரிச்சல் வேறு நோய். அதற்கு இக்கிருமியைக் குற்றம் சொல்ல இயலாது. மார்ட்டின் பிளேசர் போன்ற ஆய்வாளர்கள், மனிதனோடு நெடுங்காலம் வாழ்ந்துவரும் இவ்வுயிரால் சில நன்மைகளும் இருக்கக்கூடும் என்றும், கண்டவரிடமெல்லாம் அதனை ஒழிக்கப் புறப்படுவது முறையன்று என்றும் எச்சரிக்கின்றனர். காரமும் கவலையும் உள்ள வலியை மிகுவிக்கக்கூடும் என்பதையும் நாம் மறுக்கவில்லை. இவ்வாறு காரணங்கள் பலவாக இருப்பதாலேயே ஊகம் போதாது. சோதனை வேண்டும் என்கின்றோம்.

நம்மிடையே உள்ள மூன்று குறைகள்

முதலாவது, கடையில் கேட்டு வாங்கி உண்ணும் பழக்கம். எரிச்சல் வந்தால் ஒரு மாத்திரை, மறுநாள் ஒன்று, பின் மாதக்கணக்கில் என்று அமிலக் குறைப்பு மாத்திரைகளை உண்போர் நம்மிடையே ஏராளம். அவை வலியை அடக்கும், கிருமியை ஒழிக்கா. அன்றியும், ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல் முதலிய மாத்திரைகளை உண்டுவரும்போது கிருமிச் சோதனை செய்தால், கிருமி இருந்தும் இல்லையென்று முடிவு வரக்கூடும். அதனாலேயே சோதனைக்கு இரண்டு வாரம் முன்னரே அவற்றை நிறுத்துமாறு மருத்துவர் கூறுவர். வலியை மறைக்கும் மாத்திரை இங்கு நோயையும் மறைத்துவிடுகின்றது.

இரண்டாவது, மருந்தைப் பாதியில் நிறுத்துதல். கிருமியை ஒழிக்க இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நுண்ணுயிர்க்கொல்லிகளை அமிலக் குறைப்பு மருந்தோடு சேர்த்துப் பெரும்பாலும் 14 நாட்கள் உண்ண வேண்டும். மாத்திரைகள் பல, வாயில் கசப்பும் வயிற்றில் சங்கடமும் தோன்றும். நான்கு நாளில் வலி குறைந்ததும் ‘போதும்’ என்று நிறுத்துவோர் பலர். சாகாமல் தப்பிய கிருமிகள் அம்மருந்தை வெல்லக் கற்றுக்கொள்கின்றன. பின் குடும்பத்தில் பிறர்க்கும் பரவுகின்றன. கிளாரித்ரோமைசின் என்னும் முதன்மை மருந்துக்கு அடங்காத ஹெலிகோபாக்டர் கிருமியை, 2017 இல் உலகச் சுகாதார நிறுவனம் புதிய மருந்து காண வேண்டிய உயர் முன்னுரிமைக் கிருமிகளின் பட்டியலில் சேர்த்தது. 14 நாள் மருந்தைப் பத்தாம் நாளில் நிறுத்துபவர் தமக்கு மட்டும் தீங்கு செய்யவில்லை.

மூன்றாவது, சொற்குழப்பம். தமிழ்த்துறையினராகிய நாம் இதனைச் சிறப்பாக எண்ண வேண்டும். ‘கேஸ்’, ‘அல்சர்’, ‘வாயுத் தொல்லை’ என்னும் இரண்டு மூன்று சொற்களுக்குள் எத்தனையோ நோய்களை நாம் அடைத்துவிட்டோம். செரியாமை, நெஞ்செரிச்சல், இரைப்பை அழற்சி, இரைப்பைப் புண், முன்சிறுகுடற் புண் எனத் தனித்தனிச் சொற்கள் தமிழில் இருந்தும் அவை பாடநூலோடு நின்றுவிட்டன. இதய நோயின் வலியையும் ‘கேஸ்’ என்று சொல்லிக் காலம் கடத்தி உயிரிழந்தோர் உண்டு. சொல் மயங்கினால் சிந்தனை மயங்கும். சிந்தனை மயங்கினால் சிகிச்சையும் மயங்கும்.

மலம் கரிய நிறமாகத் தாரைப் போலப் போதல், இரத்த வாந்தி, காரணமின்றி உடல் மெலிதல், விழுங்குவதில் தடை, தொடர்ந்த வாந்தி, இரத்தசோகை ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள். இவற்றுள் ஒன்று தோன்றினாலும் வீட்டு வைத்தியத்தில் நாளைக் கழிக்கலாகாது. சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஆண்களை மிகுதியாகத் தாக்கும் புற்றுநோய்களுள் ஒன்றாக இரைப்பைப் புற்றுநோய் நெடுங்காலமாக இடம்பெற்று வருகின்றது என்பதை மறக்கலாகாது. வீட்டில் அனைவர்க்கும் பரிமாறிவிட்டு இறுதியில் உண்ணும் பெண்கள் தம் வலியை ‘நேரத்துக்குச் சாப்பிடாததால் வந்தது’ என்று தாமே தீர்ப்பளித்து வாளாவிருப்பது பெருங்கொடுமை.

நோன்பு நோற்பதால்தான் புண் வருகின்றது என்று கூறுவாரும் உளர். புண்ணை விதைப்பது பசியன்று. எனினும், ஏற்கெனவே புண்ணுள்ளவர் வெறும் வயிற்றோடு நெடுநேரம் இருப்பதற்கு முன் மருத்துவரைக் கேட்டல் வேண்டும். நோயாளிக்கு மார்க்கமே சலுகை வழங்கியிருக்க, நோயை மறைத்து வருந்துவது கடமையாகாது. நோன்பு மாதத்துக்கு முன்னரே சோதித்து மருத்துவம் செய்துகொண்டால் மனநிறைவோடு நோற்கவும் இயலும்.

செய்ய வேண்டுவன

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் அளவறிந்து உண்பதை விரிவாக வலியுறுத்துகின்றது. அதே அதிகாரம், நோய் இன்னதென ஆராய்ந்தபின் அதன் மூலத்தையும் ஆராய வேண்டும் என்றும் கூறுகின்றது. நாம் முன்னதை மட்டும் பற்றிக்கொண்டு பின்னதைக் கைவிட்டோம். வயிற்று வலிக்காரரைக் கண்டால் அவர் தட்டைப் பார்க்கின்றோம், குணத்தைப் பார்க்கின்றோம், நோயின் மூலத்தை மட்டும் பார்ப்பதில்லை.

மருத்துவர்கள் மருந்துச் சீட்டோடு, எத்தனை நாள் உண்ண வேண்டும், இடையில் நிறுத்தினால் என்ன நேரும் என்பதைத் தெளிந்த தமிழில் எழுதித் தர வேண்டும். அதற்குத் துணைநிற்பது நம் போன்ற தமிழ்த்துறைகளின் கடமை. விலங்கியல், வேதியியல் துறையினரோடு அமர்ந்து எளிய துண்டறிக்கை ஒன்றை நம் மாணவர் உருவாக்கினால், அது பல நூறு வீடுகளுக்குச் செல்லும். சமுதாயப் பெரியவர்கள் நடத்தும் இலவச மருத்துவ முகாம்களில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சோதிக்கப்படுகின்றன. நெடுநாள் வயிற்று வலியுடையோரை இனங்கண்டு இக்கிருமிச் சோதனைக்கு வழிகாட்டுவதையும் அவற்றோடு சேர்க்கலாம்.

மாணவர்கள் கருத வேண்டியது மற்றொன்றும் உண்டு. வாரன் கண்ட காட்சி, அவருக்கு முன் பலர் கண்களிலும் பட்டதே. அவர்கள் தம் கண்ணைவிடப் பாடநூலை மிகுதியாக நம்பினர். மார்ஷலின் கருத்தை ஐயுற்றவர்களும் தீயவர் அல்லர். சான்று கேட்டனர், சான்று வந்தபின் ஏற்றனர். எல்லாரும் சொல்கின்றனர் என்பது சான்றாகாது. எல்லாரும் மறுக்கின்றனர் என்பதும் பொய்க்குச் சான்றாகாது. காண்பதும், குறிப்பதும், பொறுத்திருப்பதும், சோதிப்பதுமே கல்வி.

இனி நம் வீட்டில் எவரேனும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றால், காரத்தையும் கவலையையும் பற்றிப் பின்னர்ப் பேசிக்கொள்ளலாம். ‘எத்தனை நாளாக வலிக்கின்றது? வலி மாத்திரை ஏதேனும் உண்கின்றாயா? சோதனை செய்து பார்த்தாயா?’ என்று முதலில் கேட்போம்.